ரெண்டு ஸ்ட்ரோக்கா, நாலு ஸ்ட்ரோக்கா

மக்களே,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டபோது, லைன் சரியில்லை, ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். எல்லாம் நன்றாகத்தான் கேட்டது. "அம்மா, ரெண்டு வண்டி பாத்து வச்சிருக்கேன். ஒண்ணு ரெண்டு ஸ்ட்ரோக், மத்தது நாலு ஸ்ட்ரோக். நீ பிசிக்ஸ் டீச்சர்தானே, எதுன்னு நீயே சொல்லு. நீ சொல்லுகத எடுக்கேன்" என்றாய். அன்று சாயங்காலமே இரண்டு வண்டிகளின் விவரத்தையும் மெயிலில் அனுப்பியிருந்தாய். மறுநாள் கருங்கலுக்குப் போய் பிரவுசிங் சென்டரில் அச்செடுத்துக் கொண்டுவந்தேன். அங்கிருந்த பெண் படத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர் வண்டி வாங்கப் போறீங்களா" என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் வரும்போது அந்தத் தாள்களை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, மஸ்கட்டில் இருக்கிற நீ என்னிடம் என்ன கேட்டிருக்கிறாய் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

இரண்டுமே வேண்டாம் என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. மூன்று வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அழுது சொல்லிப் பார்த்தேன். பேசாமல் இருந்து பார்த்தேன். சாப்பிடாமல் இருந்தும் பார்த்தேன். நீ அங்கே எனக்காகச் சாப்பிடாமல் இருக்கிறாய் என்று தெரிந்ததும் நானே விட்டுவிட்டேன். மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றியதை உன்னிடம் சொல்லவில்லை. நாற்பதை நெருங்குகிற மகனை வழக்காடித் திருப்ப முடியும் என்ற நம்பிக்கை எனக்கு இப்போது இல்லை. ஆகவே கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். வகுப்பிலும் அப்படித்தான் செய்வேன். கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு பிள்ளைக்கும் பதில் சொல்லாமல் இருந்ததில்லை.

நீ ஒன்பதாம் வகுப்பில் என்னிடமே படித்தாய். நிற்கிற சைக்கிள் விழுகிறதே, ஓடுகிற சைக்கிள் ஏன் விழுவதில்லை என்று கேட்டாய். நான் மேசைமேல் ஒரு ரூபாய்த் துட்டை உருட்டிவிட்டேன். அது ஓடும்வரை நின்றது. வேகம் குறைந்ததும் ஆடிச் சாய்ந்தது. அன்று மாலையே நீ கால்வாய்க் கரையில் சைக்கிளை மிதித்து, கையை விட்டு ஓட்டிக் காட்டினாய். கரை இரண்டு முழ அகலம்கூட இருக்காது, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வாழைத்தோட்டம். நான் திட்டினேன். ஆனால் என் முகத்தில் சிரிப்பு இருந்தது என்று பிறகு நீ எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாய். இருந்திருக்கும். சொன்ன பாடத்தை அன்றைக்கே ஒரு பிள்ளை செய்து பார்த்தால் எந்த டீச்சருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது?

மஸ்கட் போன இரண்டாம் வருடம் நீ முதல் படத்தை அனுப்பினாய். ஹெல்மெட்டும் நெஞ்சுக் கவசமும் போட்டு, உயரமான மெலிந்த ஒரு வண்டியின்மேல் நின்றிருந்தாய். உட்காரவில்லை, நின்றிருந்தாய். தார் ரோடே இல்லாத இடத்தில் ஓட்டுவதற்கென்று செய்கிற வண்டி இது, கல்லும் மணலும்தான் இதற்கு ரோடு, எண்டியூரோ என்று பெயர் என்று எழுதியிருந்தாய். உன் அப்பா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடி இல்லை, பக்கவாட்டுப் பெட்டி இல்லை, சீட் ஒரு பலகை அகலம். "இதுல பின்னால ஆளு ஏறண்டாமா? கெட்டினவள எங்க இருத்துவான்?" என்று கேட்டார். வீடே சிரித்தது. வேண்டாததை எல்லாம் கழற்றினால்தான் வண்டி லேசாகும், லேசாக இருந்தால்தான் கல்லில் தாவும் என்று நீ போனில் விளக்கினாய். அவருக்கு அது ஏறவில்லை. இரும்புக்கடை வைத்திருந்த மனிதர். ஒரு பொருளைக் கையில் எடுத்ததும் முதலில் கனம் பார்ப்பார். கனமாக இருந்தால் நல்ல பொருள்.

அதனால்தான் அது நடந்தது. அதை மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உன் கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது. லீவில் வந்தபோது குழித்துறையில் ஒரு பழைய நாலு ஸ்ட்ரோக் வண்டி வாங்கினாய். கண்ணாடி, இண்டிகேட்டர், சேலை கார்டு எல்லாவற்றையும் கழற்றி, பல்லுப் பல்லாக இருக்கிற காட்டு டயர் போட்டாய். அப்பாவுக்கு அந்த வண்டியை அப்படிப் பார்க்கப் பொறுக்கவில்லை. சட்டை போடாத பிள்ளையைத் தெருவில் விட்டதுபோல் அவருக்கு இருந்தது. நம் பக்கத்தில் புது வண்டி வந்தால் முதலில் லெக் கார்டு, சேலை கார்டு. பிறகு கோயில் முன்னால் நிறுத்தி சாமியாரிடம் தீர்த்தம் தெளித்து வாங்குவது. அதன்பிறகுதானே ரோட்டுக்கே போவோம். நீ கூட்டாளி கல்யாணத்துக்கு நாகர்கோவில் போயிருந்த அன்று, அப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டு கருங்கல் போய், தன் பழைய இரும்புக்கடைக்குப் பக்கத்து வெல்டிங் பட்டறையில் லெக் கார்டு வைத்துக்கொண்டு வந்துவிட்டார். கடையில் விற்கிற மெல்லிய கம்பி இல்லை. தண்ணீர்க் குழாய் மாதிரித் தடித்த பைப், இரண்டு பக்கமும் முழங்காலை அணைத்துக்கொண்டு நிற்கும்படி, நட்டு போல்ட்டு எதுவும் வேண்டாம் என்று நேராகவே பற்றவைத்தது. திருடன்கூடக் கழற்ற முடியாது என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

நீ வந்து பார்த்துவிட்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது. அப்பா, "கால் பத்திரமாட்டு இருக்கும் மக்கா" என்றார். நீ வண்டியைச் சுற்றிவந்து, "கிடக்கட்டு அப்பா, நல்லாட்டுதான் இருக்கு" என்றாய். அப்புறம் அடுக்களைக்கு வந்து, நான் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருக்கும்போது, மெதுவாகச் சொன்னாய்: "காட்டு வண்டிக்கு இது ஆகாதும்மா. வேர்ல கொளுத்தி மாட்டிக்கிடும். அறுத்து எடுத்தா அப்பாவுக்குச் சங்கடமாயிரும், கிடக்கட்டும்." நான் சரி என்றேன். அப்பாவின் மனம் நோகக்கூடாது என்று நீ நினைத்தாய், உன் கால் நோகக்கூடாது என்று அவர் நினைத்தார். இதில் யாரைக் குறை சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இடவப்பாதி மழை பிடித்த நாள். குலசேகரத்துக்கு மேலே உன் கூட்டாளி வீட்டு ரப்பர் தோட்டத்துக்கு ஓட்டப் போனாய். இந்த மழையில் எங்கே என்று கேட்டதற்கு, மழை நாளில்தானே பால்வெட்டு இல்லை, தோட்டத்தில் ஆள் இருக்காது, குறுக்கே யாரும் வரமாட்டார்கள் என்று சொன்னாய். சரியான காரணமாகவே எனக்கும் பட்டது. இறக்கத்தில் பின்சக்கரம் வழுக்கி வண்டி வலது பக்கம் சாய்ந்தது. பைப் ஒரு வேருக்குள் போய் மாட்டிக்கொண்டது. வேர் அசையவில்லை, வண்டி நகரவில்லை, நடுவில் உன் முழங்கால். கார்டு இல்லாவிட்டால் காலை இழுத்திருப்பாய். வண்டி லேசாக இருந்திருந்தால் தூக்கியிருப்பாய். போனில் சிக்னல் இல்லை. ஆள் இருக்கமாட்டார்கள் என்றுதானே அந்த நாளைத் தேர்ந்தெடுத்தாய், அப்படியே ஒருவரும் வரவில்லை. சாயங்காலம் மழை விட்டபிறகு பசுவுக்குப் புல்லறுக்க வந்த ஓர் அக்காதான் உன்னைப் பார்த்தாள். அவள் பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்து என்னிடம் சொன்னாள். "ஏலே மக்கா, உயிரோடயா கிடக்க" என்று அவள் கேட்டதற்கு நீ, "உயிர் கிடக்குக்கா, வண்டிதான் எந்திரிக்க மாட்டேங்கு" என்றாயாம். அவள் சிரித்துக்கொண்டே அதைச் சொன்னாள், சொல்லி முடிக்கும்முன் அழுதுவிட்டாள்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். முழங்காலில் தகடு வைத்தார்கள், எடுத்தார்கள், மறுபடி வைத்தார்கள். இப்போது பாதிதான் மடங்குகிறது. இரணியலில் இருந்து வந்த பெண் வீட்டார் நீ நடந்து வருவதைப் பார்த்துவிட்டு, காப்பி குடித்துவிட்டு, தகவல் சொல்லுகிறோம் என்று போனார்கள். அவர்கள் தகவல் சொல்லவில்லை என்பதில் எனக்குக் கோபம் இல்லை. நீ அன்று சாயங்காலம் ஷெட்டில் போய் அந்த வண்டியின் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாயே, அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உள்ளே ஏதோ இற்றுப்போனது. இந்தப் பிள்ளை விடமாட்டான் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லுகிறேன். அவரோடு ரோட்டில் நடந்தால், எதிரே வருகிற வண்டியில் ஆள் யாரென்று பார்க்கமாட்டார். முன்னால் என்ன மாட்டியிருக்கிறது என்றுதான் பார்ப்பார். லெக் கார்டு என்ற சொல்லை மூன்று வருடமாக அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. நீயும் ஒருநாளும் அவரிடம் அதைப்பற்றிப் பேசவில்லை. அது உன் நல்ல குணம். ஆனால் பேசாமல் இருப்பதும் அவருக்குப் பாரமாகத்தான் இருக்கிறது.

மஸ்கட்டில் உன் அறையில் இருக்கிற மார்த்தாண்டத்துப் பையன் லீவில் வந்தபோது வீட்டுக்கு வந்தான். முன்பு உன்னோடு ஓட்ட வந்த இரண்டு பேரும் குடும்பத்தை அங்கே கூட்டிக்கொண்டு வந்தபிறகு விட்டுவிட்டார்களாம். இப்போது வெள்ளிக்கிழமைகளில் நீ இரவல் வண்டியை எடுத்துக்கொண்டு, வாதி என்று நீங்கள் சொல்லுகிற அந்தக் காய்ந்த ஆற்றுக்குள் தனியாகப் போகிறாயாம். "நாங்க சொன்னா கேக்கமாட்டான் டீச்சர், நீங்க சொல்லுங்க" என்றான். மரச்சீனியும் மீனும் வைத்துக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டுப் போனான்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். தாள்களை நாலைந்து நாளாக வாசிக்கிறேன். ரெண்டு ஸ்ட்ரோக் வண்டி, கேள்வியைக் கேட்டு முடிக்கும்முன் கை தூக்குகிற பிள்ளை மாதிரி. இன்ஜினுக்குள் இருக்கிற கிராங்க் தண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு வெடி. திருகினால் பாயும். நாலு ஸ்ட்ரோக் யோசித்துப் பதில் சொல்லுகிற பிள்ளை. இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி, இழுவை சீராக வரும், கல்லில் பின்சக்கரம் வீணாகச் சுழலாமல் பிடித்து ஏறும். ரெண்டு ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும், கலவை தவறினால் பிளக் கரியும் அல்லது பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆனால் உள்ளே வால்வு இல்லை, மரத்தடியில் உட்கார்ந்துகூடப் பிரித்து மாட்டலாம். நாலு ஸ்ட்ரோக்கில் வால்வு, கேம் எல்லாம் இருக்கிறது, பட்டறையும் பொறுமையும் வேண்டும். நல்ல சூட்டில் கல்லுக்கு நடுவே நின்றுபோனால், கிக்கரை மிதித்துக் கிளப்புவது பாடு. உன் வலது காலுக்கு அது ஆகாது. இரண்டிலும் பட்டன் ஸ்டார்ட் இருக்கிறது என்று போட்டிருக்கிறது. பட்டனும் பாட்டரியும் ஒருநாள் கைவிடும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடு.

சீட் உயரம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், உன் இடுப்புக்கு மேலே. மடங்காத காலைத் தூக்கி அந்தப் பக்கம் போடுவது எப்படி என்று நான் கட்டிலில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். நுரையை அறுத்துச் சீட்டைத் தாழ்த்திக்கொள்ளலாம் என்று நீயும் குறித்திருக்கிறாய். நின்று ஓட்டும்போது முழங்கால்தான் ஸ்பிரிங். உனக்கு ஒரு ஸ்பிரிங் பாதியாகிவிட்டது. ஆகவே எந்த வண்டி ஆனாலும் சஸ்பென்ஷனை மெத்தென்று வைக்கச் சொல்.

இதுவரை பார்த்தால் எதையும் எடுக்கலாம். சிக்கல் இறக்கத்தில்தான் வருகிறது. நாலு ஸ்ட்ரோக்கில் ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், பின்னால் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவதுபோல. ரெண்டு ஸ்ட்ரோக்கில் அந்தப் பிடி மிகக் குறைவு, மிதிப்பதை நிறுத்திய சைக்கிள்போல அது பாட்டுக்கு இறங்கும், எல்லாம் பிரேக்கை நம்பித்தான். பின் பிரேக் உன் வலது காலில் இருக்கிறது. உன்னுடைய வலது கால். அந்த ஒரு காரணத்துக்காகவே நாலு ஸ்ட்ரோக்கை எடு என்றுதான் எந்தப் பரீட்சையிலும் நான் விடை எழுதுவேன். விழாமல் இருக்க அதுதான் நல்லது.

ஆனால் அது கனம். தாளில் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு விளைந்த ஏத்தன் குலையின் எடைதான் கூடுதல். ஒரு குலை வாழைக்காயால் என்ன வந்துவிடும் என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் அப்படித் தோன்றியது. தாளில் இருக்கிற கனமும் மேலே கிடக்கிற கனமும் ஒன்றல்ல என்பதால், செய்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

நேற்றுக் காலையில் மழை சற்று ஓய்ந்திருந்தது. ஷெட்டிலிருந்து உன் பழைய வண்டியை முற்றத்துக்குத் தள்ளி வந்தேன். வலது முழங்காலில் ஒரு தென்னை மட்டைத் துண்டை வைத்துத் துண்டால் இறுகக் கட்டிக்கொண்டேன். உனக்காவது பாதி மடங்கும், எனக்கு மடங்காமலே இருக்கட்டும் என்று. பிறகு வண்டியை வலது பக்கமாகச் சாய்த்து விட்டேன். சத்தம் கேட்டு அப்பா வந்தார். என் காலைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.

"இது என்ன கோலம்?" என்றார்.

"பிள்ள கேட்டிருக்கான். பாத்துதானே சொல்லணும்."

அவர் திண்ணையிலேயே நின்றார். நான் ஹேண்டிலைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. முதுகை வண்டியோடு சேர்த்து வைத்து, இடது காலை ஊன்றித் தள்ளினேன். நம் செம்மண் மழையில் ஊறினால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். கால் வழுக்கியது. அந்தப் பைப் மண்ணுக்குள் இறங்கி நங்கூரம் மாதிரி பிடித்துக்கொண்டது. குனிந்து பைப்பைப் பிடித்தேன். "அதப் பிடிக்காத, கை மாட்டும்" என்று அப்பா சத்தம் போட்டார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். அவர் பின்பக்கம், நான் முன்பக்கம். இரண்டு பேருமாகத் தம் பிடித்தோம். ஒரு சாண் எழும்பியது. அப்புறம் அவர் பிடி நழுவி, வண்டி பழையபடி மண்ணில் விழுந்தது. மறுபடியும் பிடித்தோம். அந்த ஒரு சாண்கூட வரவில்லை.

அவர் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். பைப்பின்மேல் கையை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"இவ்வளவு கனத்துக்கு அடியிலயா பிள்ள கிடந்தான்?"

மூன்று வருடத்தில் அதைப்பற்றி அவர் பேசிய முதல் வார்த்தை அது. காலில் கட்டியிருந்த துண்டை அவிழ்க்கவும் மறந்து பக்கத்தில் நின்றேன். மழை மறுபடி தூறத் தொடங்கியது.

ஆகவே இதுதான் என் பதில், மக்களே. விழமாட்டாய் என்று நம்புகிற அம்மாவாக இருந்தால் நாலு ஸ்ட்ரோக்கைச் சொல்லியிருப்பேன். அந்த நம்பிக்கை எனக்கு இல்லை. நீ தனியாகப் போவாய், ஒருநாள் விழுவாய், அங்கே புல்லறுக்க யாரும் வரமாட்டார்கள், அங்கே புல்லே இல்லை. எந்த வண்டி விழாமல் இருக்கும் என்பதை விட்டுவிட்டு, எந்த வண்டி விழுந்தபின் உன்னால் தூக்க முடியும் என்றுதான் என்னால் யோசிக்க முடிகிறது. பெற்றவள் ஒருத்தி தன் பிள்ளைக்கு இப்படி ஒரு கணக்குப் போட வேண்டி வந்ததே என்று என்மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது. என்றாலும் கணக்கு சரி. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். ரெண்டு ஸ்ட்ரோக்கை எடு. இறக்கத்தில் முன் பிரேக்கைக் கையால் பழக்கு. எந்த வாதிக்குப் போகிறாய் என்று அறையில் சொல்லிவிட்டுப் போ. எடுப்பதற்கு முன் கடையிலேயே அதைத் தரையில் சாய்த்து, அந்தக் காலை வைத்துக்கொண்டே ஒருதரம் தூக்கிப் பார். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். கம்பெனி வைத்த பிளாஸ்டிக்கைத் தவிர வேறு எதையும் அதில் மாட்டாதே. யாருக்குச் சங்கடமானாலும் சரி.

உன் பழைய வண்டி முற்றத்தில் அப்படியே கிடக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன்களைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன், அப்பா வேண்டாம் என்றுவிட்டார். ஜன்னல் வழியே இப்போதும் தெரிகிறது, மேல்பக்கத்துப் பைப்பில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. லேசானதை எடு மக்களே. அங்கே நீ விழுந்து கிடக்கும்போது தூக்கிவிட நாங்கள் இருக்கமாட்டோம் என்பதுதான் இத்தனை நாளும் என் கவலையாக இருந்தது. நாங்கள் பக்கத்திலேயே இருந்தாலும் எங்களால் தூக்க முடியாது என்பது நேற்றுத்தான் தெரிந்தது.

உன் அம்மா